சிறுநீரக மாற்றுக்கான பரிசோதனைகள்: தருவதாகச் சொன்ன தம்பி கிளினிக்குக்கு வருவதில்லை (திருகோணமலை)

உவர்மலைவாசி | ஜூலை 6, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு நானே எழுத வேண்டி வந்துவிட்டது.

என் கணவருக்கு 43 வயது. ஆட்டோ ஓட்டினார். பிரஷர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல் போய்ப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். இப்போது பதினான்கு மாதமாக டயலிசிஸ். திங்கள், வியாழன், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம். மாற்றுச் சத்திரசிகிச்சைக்கான பரிசோதனைகள் கொழும்பில் நடக்கின்றன. செவ்வாய் இரவு ரயில் ஏறுவோம், புதன் கிளினிக், அன்றிரவே திரும்புவோம். வியாழன் காலை மறுபடி மெஷினில் படுப்பார். இந்தக் கச்சான் வெயிலில் ஒரு நாளைக்கு முக்கால் லீட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். வாயை நனைத்துக்கொண்டு இருக்கிற மனிதரைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எப்படித் தண்ணீர் குடிப்பது? பிள்ளைகள் குசினிக்குள் போய் ஒளித்துக் குடிக்கிறார்கள்.

அவர் ஓ வகை இரத்தம். நான் ஏ, அதனால் என்னுடையது சரிவராது. மாமிக்கு 68 வயது, சீனி வருத்தமும் உண்டு. மிச்சம் இருப்பது அவருடைய தம்பி ஒருவர்தான். 36 வயது, பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில் குடும்பம், கடல் தொழில். அவரும் ஓ. அவராகவே வந்து "அண்ணாவுக்கு நான் தாறன்" என்றார். இழையப் பொருத்தம் பார்த்ததில் பாதி பொருந்துகிறது, போதும் என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு திகதி கொடுத்தார்கள், இரண்டுக்கும் அவர் வரவில்லை. போன் எடுத்தால் மனைவிதான் பேசுகிறாள், "கடலுக்குப் போயிட்டார்" என்கிறாள்.

என் கணவர் ஒன்றும் சொல்வதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மாமி வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலில் அழுதுவிட்டு நேரே சல்லிக்கு பஸ் ஏறி அங்கேயும் போய் அழுகிறார்.

இவருடைய பக்கத்தில் எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி எல்லாம் முடிந்துவிட்டன. சொத்தைப் பல் இரண்டு பிடுங்கினோம். ஒரு இடத்தில் எடுத்த இரத்த மாதிரி தவறிப்போய், அதற்காகவே இன்னொரு முறை இரவு ரயிலில் போய் வந்தோம். இன்னும் தாமதமானால் முதலில் செய்த பரிசோதனைகள் பழையதாகி, திரும்பச் செய்ய வேண்டுமாம்.

தம்பியிடம் நான் எப்படிக் கேட்பது? கேட்கலாமா, கேட்கக் கூடாதா? இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிலாவெளி அண்ணா | ஜூலை 7, காலை 6.15

தங்கச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கூடப்பிறந்தவன். ஊரில் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் முற்றத்தில் இருத்திக் கேளுங்கள். வாயால் சொன்னவன் செய்யத்தான் வேண்டும். நான் என்றால் அப்படித்தான் செய்வேன்.

---

பழைய தாதி | ஜூலை 7, மாலை 4.30

அண்ணாவின் கோபம் விளங்குகிறது. ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். நான் தாதி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி பதினொரு வருடம் டயலிசிஸ் பிரிவில் இருந்தேன்.

மகள், இங்கே நடப்பது இரண்டு பரிசோதனை. உங்கள் கணவருக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே பைலில் போட்டுப் பார்ப்பதால்தான் குடும்பங்கள் குழம்பிப்போகின்றன.

கணவருக்குச் செய்வதெல்லாம், அவரால் இந்த ஒப்பரேஷனையும் அதற்குப் பிறகு வருகிற மருந்துகளையும் தாங்க முடியுமா என்று பார்க்கத்தான். டக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்குகின்றன, புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் இருப்பதற்காக. அந்த நேரத்தில் சொத்தைப் பல்லில் ஒளிந்திருக்கிற கிருமியும், எப்போதோ வந்து அடங்கிக் கிடக்கிற காசநோயும் தலை தூக்கும். பல்லுக்கு ஏன் இவ்வளவு என்று நினைத்திருப்பீர்கள். அது வீணான அலைச்சல் இல்லை. இதயமும் அப்படித்தான். டயலிசிஸில் இருக்கிறவர்களின் இதயம் சத்தமில்லாமல் பழுதாகும், அதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. இவருக்கு இரத்தம் குறைந்தால் உடனே இரத்தம் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். இன்னொருவரின் இரத்தம் ஏறும்போது உங்கள் கணவரின் உடம்பில் அந்நிய உறுப்பைத் தாக்குகிற புது எதிர்பொருள்கள் உண்டாகலாம், பிறகு குறுக்குப் பொருத்தத்தில், அதாவது இருவரின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிற சோதனையில், அது வந்து நிற்கும். முடிந்தவரை இரத்தம் ஊற வைக்கிற எரித்ரோபொயிட்டின் ஊசியால்தான் சமாளிப்பார்கள். கட்டாயம் என்று வைத்தியர் சொன்னால் மட்டும் ஏற்றுங்கள். மாற்றுக்குத் தயாராகிற நோயாளி என்பதை ஒவ்வொரு புது வைத்தியரிடமும் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இனித் தம்பி. அவர் சுகமான மனிதர். வருத்தம் இல்லாத உடம்பைக் கத்திக்குக் கொடுக்கப் போகிறார். அதனால்தான் அவருக்கு அவ்வளவு சோதனை. 24 மணித்தியாலச் சிறுநீர், சீனிக்கான சோதனை, ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேன், இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. அஞ்சியோகிராம். மனநல வைத்தியரும் அவரைத் தனியாக வைத்துப் பேசுவார், குடும்பத்தில் ஒருவரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பயந்து வருகிறாரா, கட்டாயத்தில் வருகிறாரா, காசுக்கு வருகிறாரா என்று பார்க்கத்தான் அது. "எனக்கு விருப்பமில்லை" என்று அங்கே அவர் சொன்னால் அந்தப் பேச்சு வெளியே வராது. பொருந்தவில்லை என்று மட்டும்தான் உங்களுக்குச் சொல்வார்கள். ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில்கூட அவர் மனம் மாறலாம்.

முற்றத்தில் பெரியவர்களை இருத்திக் கேட்டால் அவர் "ஓம்" என்றுதான் சொல்வார். அந்த "ஓம்" நமக்கு வேண்டாம்.

---

மூதூர் பொடியன் | ஜூலை 7, இரவு 9.05

அக்கா, எனக்கு 29 வயது. என் அக்காவைத்தான் எனக்குப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகப் போய், கடைசியில் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்க்கிற சோதனையில் அவளுக்குச் சீனி வருத்தம் தொடங்குகிறது என்று வந்தது. அதோடு நின்றுவிட்டது. எட்டு மாதம் அலைந்தது ஒரு பின்னேரத்தில் முடிந்துபோனது.

அன்றைக்கு அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். கந்தளாய் தாண்டுகிற வரைக்கும் நான் ஒரு சொல் பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் நெஞ்சில் குத்திக்கொண்டிருப்பது அந்த மௌனம்தான். அந்தப் பரிசோதனை இல்லாவிட்டால் அவளுக்குச் சீனி வருத்தம் தொடங்குவது தெரியாமலே போயிருக்கும். இப்போது சாப்பாட்டைக் கவனித்து, நடந்து, நல்லபடியாக இருக்கிறாள். நான் மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்கான பட்டியலில் காத்திருக்கிறேன்.

உங்கள் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்றீர்கள். எனக்கு அது தெரியும். தம்பி மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். தம்பியிடம் கேட்க வேண்டி வந்ததே என்கிற கூச்சமாக இருக்கும். நோயாளி யாரிடமும் இதைக் கேட்க முடியாது அக்கா. கேட்பதற்கு முன்னமே கடன்பட்டுவிட்டது போல இருக்கும்.

தண்ணீருக்கு ஒரு வழி: காலையிலேயே நாளைக்குரிய அளவை ஒரு போத்தலில் ஊற்றி வைப்பேன். அதில் பாதியை ஐஸ் கட்டியாக்கி விடுவேன். ஒரு கட்டி வாயில் கரைய நேரமெடுக்கும், தாகம் அடங்கும், போவது ஒரு மிடறு தண்ணீர்தான். பிள்ளைகளை ஒளித்துக் குடிக்க விடாதீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள், எனக்கு அதுதான் கூடுதல் கவலை. முன்னால் வைத்தே குடிக்கட்டும்.

---

புதியவர்77 | ஜூலை 8, காலை 11.20

காசு கொடுத்தால் வெளியாள் ஒருவரை ஒழுங்கு செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பி பின்னால் ஏன் அலைகிறீர்கள்? வேண்டுமென்றால் தனியாக எழுதுங்கள்.

---

பழைய தாதி | ஜூலை 8, பகல் 12.10

உறுப்பை விற்பதும் வாங்குவதும் இந்த நாட்டில் குற்றம். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. நான் பார்த்த வரையில் இப்படி "ஒழுங்கு செய்த" இடங்களில் தானம் கொடுத்தவர் ஒரு ஏழை. கொடுத்த பிறகு அவரை ஒரு கிளினிக்கிலும் ஒருவரும் பார்க்கவில்லை. மகள், இதற்குப் பதில் எழுதவே வேண்டாம்.

---

உவர்மலைவாசி | ஜூலை 8, இரவு 8.40

எழுதமாட்டேன் அம்மா. என் வீட்டில் ஒருவர் எழும்புவதற்கு இன்னொரு வீட்டில் ஒருவர் விழ வேண்டாம்.

தம்பி பொடியன், நீங்கள் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "கடன்பட்டது போல" என்ற இடத்தில் என் கையைப் பிடித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றிரவு இரண்டு பேரும் பேசினோம். இன்று மகன் அப்பாவுக்கு முன்னால் இருந்து தண்ணீர் குடித்தான்.

---

கிண்ணியா உம்மா | ஜூலை 10, காலை 5.50

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நான் கொடுத்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்னம் என் மகனுக்கு. அல்ஹம்துலில்லாஹ், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

எல்லோரும் வாங்குகிறவரைப் பற்றித்தான் கேட்பார்கள். கொடுக்கிறவளுக்கு என்ன ஓடுது என்று அந்த நாளில் ஒருவரும் கேட்கவில்லை. தாய்தானே, கொடுப்பாள் என்று விட்டுவிட்டார்கள். நான் கொடுக்கத்தான் இருந்தேன், யாரும் தள்ளவில்லை. ஆனால் எனக்கும் பயம் இருந்தது. சாவுக்குப் பயமில்லை. என் சின்ன மகள் அப்போது ஆறாம் வகுப்பு. எனக்கு ஒன்று நடந்தால் அவளை யார் பார்ப்பது என்பதுதான் ஒரே பயம். அதை வீட்டில் சொன்னால் "கொடுக்க மனமில்லை" என்று எடுத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் அந்த மனநல டொக்டரிடம்தான் சொன்னேன். சிங்களத்தில் கேட்டார், எனக்கு அரைகுறை. ஒரு மிஸ் வந்து மொழிபெயர்த்தார். தங்கச்சி, இதை மறக்காமல் கேளுங்கள்: தம்பிக்குச் சிங்களம் சரளமில்லை என்றால் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். அந்த ஆள் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தையும் தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். 24 மணித்தியாலச் சிறுநீர் சேர்க்கும்போது காலையில் முதல் போவதை ஊற்றிவிட வேண்டும், அடுத்த நாள் காலை முதல் போவதைச் சேர்க்க வேண்டும். நான் மாறிச் செய்துவிட்டேன். மறுபடி ஒரு பயணம்.

தம்பியிடம் நீங்கள் தனியாகப் போங்கள், மாமியைக் கூட்டிப் போகாதீர்கள். "தருவியா" என்று கேட்காதீர்கள். "உனக்கு என்ன பயம்" என்று கேளுங்கள். சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்கு முடிவு எடுக்க வேண்டாம். அவருடைய மனைவியையும் பக்கத்தில் இருத்துங்கள். அவர் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறவள் அவள்.

---

உவர்மலைவாசி | ஜூலை 19, இரவு 11.15

சல்லிக்குப் போய் வந்தேன்.

உம்மா சொன்னபடி மாமிக்குச் சொல்லாமல் போனேன். தம்பி வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார், முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கேக்க வரேல்ல, உனக்கு என்ன பயம் எண்டு கேட்டுப் போகத்தான் வந்தனான்" என்றேன். கன நேரம் பேசவில்லை. அவருடைய மனைவிதான் முதலில் அழுதாள்.

கத்திக்குப் பயமில்லையாம். கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய வலைதான் அவருடைய தொழில். "அண்ணி, கரைவலை இழுக்கிற உடம்பு இது. வயித்தை வெட்டின பிறகு கயிறு இழுக்கேலுமோ? இழுக்கேலாட்டி இந்த மூண்டு பிள்ளையளுக்கும் ஆர் சோறு போடுறது? அண்ணாவும் உழைக்கேலாம, நானும் உழைக்கேலாமப் போனா அம்மாவை ஆர் பாக்கிறது?" அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காசு கேட்கிறான் என்று நினைப்பார்களோ என்று ஒளித்துத் திரிந்திருக்கிறார். வெட்கத்தில் கடலுக்கே இரண்டு நாள் கூடப் போயிருக்கிறார்.

நாங்கள் ஐந்து மாதமாக அவருடைய மனதைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அவர் தன் வீட்டு அரிசியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்.

தாதி அம்மா, அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பாரம் இழுக்கலாமா?

---

பழைய தாதி | ஜூலை 20, மதியம் 2.00

இழுக்கலாம் மகள், உடனே இல்லை. சிறு துளைகள் வழியாக எடுத்தால் சில நாளில் வீட்டுக்கு வருவார், திறந்து எடுத்தால் கொஞ்சம் கூடும். குறைந்தது ஆறு வாரம் பாரம் தூக்கவே கூடாது. கரைவலை போன்ற வேலைக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. மிஞ்சுகிற ஒற்றைச் சிறுநீரகம் தன் வேலையைக் கூட்டிக்கொள்ளும். முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் ஏறக்குறைய 70 சதவீதம் வரை அது ஒன்றே செய்யும். அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை பிரஷர், சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டுகிற கிரியேற்றினின் மூன்றையும் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுக்க.

கடல் தொழிலாளிக்கு இரண்டு விஷயம் முக்கியம். இடுப்பு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடுகிற டைக்ளோபெனாக், இபுபுரூபன் மாதிரி மாத்திரைகள் இனி வேண்டாம். கடலுக்குப் போகும்போது குடிதண்ணீர் போதியளவு கொண்டுபோக வேண்டும், உடம்பு வறளவே கூடாது.

---

கரைவலைக்காரன் | ஜூலை 20, இரவு 7.30

நான் திருக்கடலூர். இங்கே எழுதியிருப்பதை மகள் வாசித்துக் காட்டினாள். வருத்தத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கடலைப் பற்றித் தெரியும்.

தங்கச்சி, இப்போது ஆடி. தொழில் நடக்கிற காலம். இப்போது அவனைக் கொழும்புக்கு இழுத்தால் அந்த நாள் பங்கு போகும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வேறு ஆளைப் பிடிப்பார். ஐப்பசி பிந்தி வாடைக்காற்று தொடங்கினால் நம்முடைய கடல் கொந்தளிக்கும், கரைவலை வளைக்க ஏலாது. மாசி வரைக்கும் எல்லோரும் வீட்டில்தான். ஒப்பரேஷனை வாடையில் வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் வெட்டினால் பங்குனியில் கடல் திறக்கும்போது மூன்று மாதம் ஆகிவிடும். அவனுக்கு இழப்பு குறையும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டிய சோதனைகளை நீரோட்டம் சரியில்லாமல் வலை போடாத நாட்களில் வைக்கலாம். அவனையே நாள் சொல்லச் சொல்லுங்கள்.

---

நிலாவெளி அண்ணா | ஜூலை 20, இரவு 9.45

தங்கச்சி, நான் முதலில் எழுதியது பிழை. அந்தப் பொடியனின் நிலைமையை யோசிக்கவில்லை. என் தம்பியும் நானும் நாலு வருடமாகப் பேசுவதில்லை, அந்தக் கோபத்தில் எழுதிவிட்டேன்.

காசு விஷயத்தில் ஒன்று சொல்லலாம். ஜனாதிபதி நிதியத்தில் சிறுநீரக மாற்றுக்கு உதவி கொடுக்கிறார்கள். முன்பு கொழும்புக்குத்தான் போக வேண்டும், இப்போது விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பிரதேச செயலகத்துக்கு நான் கூட வருகிறேன், அங்கே வேலை செய்தவன்தான்.

---

உவர்மலைவாசி | ஒக்டோபர் 28, இரவு 10.05

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். ஓட்டம்தான்.

கரைவலை அண்ணா சொன்னதை வைத்தியரிடம் அப்படியே சொன்னேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். அவர் நாட்காட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, தானம் செய்பவரின் தொழிலைப் பற்றி முதலிலேயே தாங்கள் கேட்டிருக்க வேண்டும் என்றார். தம்பி சொன்ன நாட்களிலேயே சோதனைகளை வைத்துத் தந்தார்கள். ஒரு நாளும் அவர் தவறவில்லை. மனநல வைத்தியரிடம் முக்கால் மணித்தியாலம் இருந்தார், தமிழ் தெரிந்த மிஸ் ஒருவரும் கூட இருந்தார். வெளியே வந்து, "எல்லாத்தையும் சொல்லிப்போட்டன் அண்ணி" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மாமியோடும் பேசினேன். இனிச் சல்லிக்குப் போனால் அழக் கூடாது, பேரப்பிள்ளைகளுக்கு எதையாவது கொண்டுபோங்கள் என்றேன். இப்போது பணியாரத்தோடு போகிறார். தம்பி ஓய்வில் இருக்கிற மாதங்களுக்கு எங்கள் ஆட்டோவை அவருடைய மச்சான் ஓட்டி, வருகிறதில் பாதியைச் சல்லி வீட்டுக்குக் கொடுப்பது என்று ஒழுங்கு செய்திருக்கிறோம். காசு கொடுத்து வாங்கியது போல ஆகிவிடுமோ என்று கவலைப்பட்டு அதை வைத்தியரிடமும் வெளிப்படையாகச் சொன்னோம். சம்பளம் இழப்பதை வீட்டுக்குள் ஈடுசெய்வது வேறு, விலை பேசுவது வேறு என்று விளங்கப்படுத்தினார்.

சி.டி. அஞ்சியோகிராமில் தம்பியின் இடது சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடி ஒன்றுக்குப் பதில் இரண்டு இருப்பது தெரிந்தது. வழமையாக இடதைத்தான் எடுப்பார்களாம், அதிலிருந்து இரத்தம் திரும்பி வருகிற நாளம் நீளம் என்பதால். இரண்டு நாடி இருந்தாலும் செய்யலாம், பொருத்துவதில் கொஞ்சம் கூடுதல் வேலை, அல்லது வலதை எடுப்பதைப் பற்றி யோசிப்போம் என்றார்கள். அதைக் கேட்டு இரண்டு இரவு நித்திரை இல்லை. முதல் குறுக்குப் பொருத்தம் நல்லபடியாக வந்திருக்கிறது. ஒப்பரேஷனுக்குச் சில நாள் முன்னம் இன்னொரு முறை பார்ப்பார்கள். அதுவும் சரியென்றால் மார்கழி இரண்டாம் கிழமை.

நேற்று தம்பி வந்திருந்தார். அண்ணனும் தம்பியும் வெளியே கதிரை போட்டு இருந்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது, வாடை தொடங்கிவிட்டது. இவர் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தம்பிக்கும் ஒன்றை நீட்டினார், அவரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஒரு உதவி வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வார்டில் இருக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க ஆள் வேண்டும். தம்பியின் மனைவிக்குக் கைக்குழந்தை. கொழும்பில் வைத்தியசாலைக்குக் கிட்ட, பெண்கள் தங்கக்கூடிய, விலை குறைந்த அறை யாருக்காவது தெரியுமா?

---

கிண்ணியா உம்மா | ஒக்டோபர் 29, காலை 5.35

தங்கச்சி, அறை தேட வேண்டாம். என் மகளுக்குக் கொழும்பில் வீடு இருக்கிறது, முன் அறை சும்மா கிடக்கிறது. ஆறாம் வகுப்பு என்று எழுதினேனே, அந்தப் பிள்ளைதான், இப்போது கலியாணம் முடித்து அங்கே இருக்கிறாள். நானும் வருகிறேன். நீங்கள் கணவரைப் பாருங்கள், தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன். திகதி உறுதியானதும் போன் எடுங்கள், நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.